செய்யாத தப்புக்கு மூன்று கையெழுத்து தேடி வடக்குத்து வரை

2005 ஜூலை 9, சனிக்கிழமை, காலை 5:50. கோயம்பேடு பேருந்து நிலையம். பையில் இருபது ரூபாய் முத்திரைத்தாள் மூன்று.

திங்கட்கிழமை மாலை ஆறரைக்குள் அந்த மூன்று தாளிலும் மூன்று பேர் கையெழுத்துப் போட்டு, நோட்டரி முத்திரை விழுந்து, ஸ்கேன் ஆகி, அமெரிக்காவில் ஒரு வக்கீலின் மின்னஞ்சலுக்குப் போய்ச் சேர வேண்டும். அவருக்கு அப்போது காலை ஒன்பது மணி. போய்ச் சேராவிட்டால் என் அண்ணன் தாமஸ், தான் செய்யாத குற்றத்தைச் செய்ததாக அன்றைக்கே கோர்ட்டில் ஒப்புக்கொள்வான். பயணத்துக்குக் காரணம் இவ்வளவுதான்.

இதைப் படிக்கிறவர்களில் நெய்வேலிப் பக்கம் போகிறவர்கள் இருக்கலாம். அமெரிக்கா போகிறவர்கள் அதைவிட அதிகமாக இருப்பீர்கள். இரண்டு தரப்புக்கும் உபயோகமான தகவல் இருக்கிறது. சுரங்கத்தின் போட்டோ எதுவும் இல்லை. அதற்காக வந்தவர்கள் இப்போதே கிளம்பலாம்.

முதலில் வழக்கு. அண்ணன் மூன்று வருடமாக அங்கே சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலை பார்த்தான். நம்ம ஊர்ப் பையன்கள் நான்கு பேர் ஒரு அபார்ட்மென்டில். அண்ணன் பேரில் ஒரு பழைய கார். சாவி சமையலறை ஆணியில் தொங்கும். யாருக்குக் கடைக்குப் போக வேண்டுமோ அவர் எடுத்துக்கொண்டு போவார், யாரும் யாரையும் கேட்கிறதில்லை. மார்ச் மாதம் ஒரு சாயங்காலம் அந்தக் கார், ரோட்டைக் கடந்துகொண்டிருந்த ஒரு வயதான அம்மாவை இடித்துவிட்டு நிற்காமல் போயிருக்கிறது. அவருக்கு இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. அண்ணனுக்கு அப்போது இரவு ஷிஃப்ட், அறையில் தூங்கிக்கொண்டிருந்தான். மற்ற மூன்று பேரும் நான் எடுக்கவில்லை, நான் எடுக்கவில்லை என்றார்கள். வண்டி யார் பேரில் இருக்கிறதோ அவனைப் போலீஸ் கூப்பிட்டது.

அங்கே போலீஸ் விசாரிக்கும் முன் ஒரு பட்டியல் படிப்பார்கள். பேசாமல் இருக்க உனக்கு உரிமை உண்டு. பேசினால் அது உனக்கு எதிராகவே பயன்படும். வக்கீல் வைத்துக்கொள்ளலாம், வசதி இல்லை என்றால் அரசாங்கமே ஒருவரைத் தரும். அண்ணனுக்கும் படித்தார்கள். புரிந்ததா என்று கேட்டார்கள். புரிந்தது என்று கையெழுத்துப் போட்டான். புரியத்தான் செய்தது, இங்கிலீஷில் என்ன கஷ்டம்? ஆனால் வக்கீல் கேட்டால் தப்புச் செய்தவன் என்று நினைத்துவிடுவார்கள் என்று பயந்து கேட்கவில்லை. ஐந்து மணி நேரம் பேசினார்கள். கடைசியில் அந்த அதிகாரி ரொம்ப அன்பாகச் சொன்னாராம்: அந்த அம்மா ஆஸ்பத்திரியில் கிடக்கிறார், நீ இரண்டு வரி வருத்தம் தெரிவித்து எழுதினால் அவருக்கு ஆறுதலாக இருக்கும்.

அண்ணன் எழுதினான். தமிழில் சொன்னால் இப்படி வரும்: "என் காரால் தங்களுக்கு நேர்ந்ததற்கு மிகவும் வருந்துகிறேன். தயவுசெய்து என்னை மன்னிக்கவும். இனி இதுபோல் நடக்காது என்று உறுதி கூறுகிறேன்."

அரசுத் தரப்பு பிடித்துக்கொண்டது அந்தக் கடைசி வரியைத்தான். செய்யாதவன் எதற்கு இனி நடக்காது என்று சொல்ல வேண்டும்? சரியான கேள்வி. வடக்குத்தில் பிறக்காத எவனும் அதைத்தான் கேட்பான்.

எங்கள் வீடு வடக்குத்து. நெய்வேலி டவுன்ஷிப்பை ஒட்டிய ஊர். அப்பா சுரங்கத்தின் பெர்மனென்ட் ஆள் இல்லை. கன்வேயர் பெல்ட் ஜாயின்ட் போடுகிற ஒரு தனியார் கான்ட்ராக்ட் கம்பெனியில் இருபத்திரண்டு வருடமாக வேலை. கான்ட்ராக்டில் ஒரு வழக்கம் உண்டு. பெல்ட் கிழிந்தது, ஸ்பேனர் காணோம், ஜாயின்ட் விட்டுப்போச்சு, எது நடந்தாலும் அந்த ஷிஃப்டில் இருந்த ஒருவருக்கு மெமோ வரும். செய்தது யார் என்று யாரும் கேட்பதில்லை. மெமோ வாங்கினவர் மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுப்பார், சூப்பர்வைசர் ஃபைலில் போடுவார், மறுநாள் கேட் பாஸ் செல்லும். எழுதாவிட்டால் செல்லாது. கடிதத்துக்கு ஒரே அச்சு. முதல் வரி வருந்துகிறேன், இரண்டாவது வரி மன்னிக்கவும், மூன்றாவது வரி இனி இதுபோல் நடக்காது.

எங்கள் தெருவில் அந்தக் கடிதங்களை எழுதினது அண்ணன். எட்டாவது படிக்கும்போதிருந்தே. கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால் ஆளாளுக்கு வீட்டுக்கு வந்து பிஸ்கட் பாக்கெட் கொடுத்து எழுதி வாங்கிப் போவார்கள். அந்த மூன்றாவது வரியை அவன் எத்தனை முறை எழுதியிருப்பான் என்று அவனுக்கே தெரியாது. அமெரிக்கப் போலீஸ் ஸ்டேஷனில் பேனாவைக் கொடுத்ததும் கை அதை எழுதிவிட்டது.

நான் கேலிப்ரேஷன் இன்ஜினியர். அம்பத்தூரில் ஒரு தொழிற்சாலையில் பிரஷர் கேஜ்களைச் சோதித்து ஸ்டிக்கர் ஒட்டுவது என் வேலை. எதையும் ஸ்பெக், அதாவது எப்படி இருக்க வேண்டும் என்று எழுதி வைத்த அளவு, வைத்துப் பார்த்துப் பழக்கம். அமெரிக்க அரசியல் சட்டத்தையும் அப்படித்தான் பிரௌசிங் சென்டரில் உட்கார்ந்து படித்தேன். ஐந்தாவது திருத்தம், தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்ல யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது. ஆறாவது திருத்தம், தாமதமில்லாத விசாரணை, பாரபட்சமில்லாத ஜூரி, கூட ஒரு வக்கீல். ஒரு குறை சொல்ல முடியாது. இவ்வளவு சுத்தமான ஸ்பெக்கை நான் பார்த்ததில்லை.

அண்ணனுக்கு இதில் எதையும் மறுக்கவில்லை என்பதுதான் விஷயம். வக்கீல் கொடுத்தார்கள், இலவசமாக. நல்ல மனிதர், ஆனால் தலைக்கு மேல் கேஸ். நான்கு மாதத்தில் நான்கு தடவை பார்த்தார். ஜூரி உண்டு, அடுத்த பிப்ரவரியில். அதுவரை உள்ளே. ஜாமீன் உண்டு, ஆனால் வேலை போனதால் விசாவும் போச்சு, ஜாமீனில் வந்தால் வாசலிலேயே குடியேற்றத் துறை பிடித்துக்கொள்ளும் என்றார் வக்கீல். அந்தக் கடிதத்தை சாட்சியமாக ஏற்கக் கூடாது என்று மனுப் போட்டார். நீதிபதி பொறுமையாகக் கேட்டாராம். உரிமைகள் படிக்கப்பட்டன, ஆள் பட்டதாரி, இங்கிலீஷ் தெரியும், யாரும் அடிக்கவில்லை, மிரட்டவில்லை, எனவே தானாக முன்வந்து எழுதியது. தள்ளுபடி.

பிறகு பேரம் வந்தது. இப்போது குற்றத்தை ஒப்புக்கொண்டால் உள்ளே இருந்த காலமே தண்டனை, அப்படியே ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். விசாரணை வேண்டும் என்று நின்று தோற்றால் வருடக்கணக்கில் ஜெயில். ஜூரி உரிமை உன்னுடையதுதான், பயன்படுத்திப் பார் என்கிறார்கள். எந்த ஜூரியிடமும் அந்த மூன்றாவது வரியைப் படித்துக் காட்டினால் என்ன ஆகும் என்று அண்ணனுக்கும் தெரியும், வக்கீலுக்கும் தெரியும்.

வக்கீலுக்கு ஒரு யோசனை தோன்றியது. உங்கள் ஊரில் செய்யாத தப்புக்கு இப்படி எழுதிக் கொடுக்கும் வழக்கம் இருக்கிறது என்று, உறவுக்காரர் அல்லாத மூன்று பேர் சத்தியப் பத்திரம் கொடுக்கட்டும். அரசு வக்கீலிடம் காட்டுகிறேன். சின்ன டிராஃபிக் குற்றமாகக் குறைத்தால் பேரில் பெரிய கறை இல்லாமல் வெளியே வரலாம். நடக்கும் என்று சொல்லவில்லை, கேட்டுப் பார்க்கிறேன். அதனால்தான் மூன்று முத்திரைத்தாள்.

இனி பயணம். கோயம்பேட்டிலிருந்து நெய்வேலி சுமார் இருநூறு கிலோமீட்டர். திண்டிவனம், விழுப்புரம், பண்ருட்டி வழி. டிக்கெட் 68 ரூபாய். சனிக்கிழமை காலையில் ஜன்னல் சீட் வேண்டுமென்றால் ஐந்தே முக்காலுக்கு நின்றால் போதும்.

விழுப்புரத்தில் பக்கத்தில் ஒரு முந்திரி வியாபாரி ஏறினார், பண்ருட்டிக்காரர். மடியிலிருந்த பேப்பர்களைப் பார்த்துவிட்டு என்ன ஏது என்று விசாரித்தார். நானும் சொன்னேன். அவர் முகம் தெளிந்துவிட்டது. "அமெரிக்காவுலதானே? அப்ப கவலை வுடுங்க தம்பி. அங்க பணம் குடுத்துத் தீர்ப்பு வாங்க முடியாது."

"பணம் வாங்கினா தேவலையேங்க," என்றேன். "யார்கிட்ட போய் நிக்கிறதுன்னாவது தெரிஞ்சிருக்கும்."

பண்ருட்டியில் இறங்கும்போது அவர் ஒரு பொட்டலம் வறுத்த முந்திரி கொடுத்தார். வேண்டாம் என்று சொல்லத் தோன்றவில்லை.

10:55-க்கு டவுன்ஷிப் நுழைவாயிலான ஆர்ச் கேட்டில் இறங்கினேன். டவுன்ஷிப்புக்குள் போகிறவர்கள் பஸ் ஸ்டாண்ட் வரை போகலாம், வடக்குத்துக்கு இங்கேயே இறங்குவது சுலபம். ஷேர் ஆட்டோ மூன்று ரூபாய்.

அம்மா கதவைத் திறந்ததும் "சாப்பிட்டியா" என்று கேட்கவில்லை. "பெரியவன் பேசினானா" என்று கேட்டாள். அப்பா காலை ஷிஃப்ட். மூன்று பேரிடம் ஏற்கெனவே பேசி வைத்துவிட்டாராம், மூன்று பேரும் சரி என்று சொல்லிவிட்டார்களாம். எனக்கு அப்போதே பாதி வேலை முடிந்த மாதிரி இருந்தது.

இரண்டு மணிக்கு ஷிஃப்ட் முடியும். இரண்டரைக்கு டவுன்ஷிப் மெயின் பஜாரில் ஒரு டீக்கடையில் கூடினோம். அப்பா, அவருடன் வேலை செய்யும் செல்வராஜ், ஒரு வெல்டர், பிறகு கலியபெருமாள். கலியபெருமாளை நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன். வடக்குத்துக்காரர், ஒரு ஏக்கர் முந்திரி, மற்ற நேரம் பெல்ட். அவருக்கும் அண்ணன்தான் கடிதம் எழுதிக் கொடுப்பான்.

பேச்சுக்குக் குறைவே இல்லை. செல்வராஜ், தான் லீவில் இருந்த நாளில் உடைந்த ரோலருக்கு மன்னிப்புக் கேட்டதைச் சொன்னார். வெல்டர், ஒரே மெமோவுக்கு இரண்டு பேர் கடிதம் கொடுத்துவிட்டு எந்தக் கடிதம் செல்லும் என்று சூப்பர்வைசரையே குழப்பியதைச் சொன்னார். மாமா, தன் மாடு வேலி தாண்டினதற்கும் பழக்கத்தில் பஞ்சாயத்தில் அதே மூன்று வரியைச் சொன்னதாகச் சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்தார். நானும் சிரித்தேன். இந்த டீக்கடையை அப்படியே தூக்கி அந்த நீதிபதி முன்னால் வைத்தால் கேஸ் முடிந்தது என்று நினைத்தேன்.

பிறகு பையிலிருந்து முத்திரைத்தாளை எடுத்தேன்.

முதலில் வெல்டர் கிளம்பினார். வீட்டில் ஏதோ வேலையாம். செல்வராஜ் தாளை வாங்கிப் பார்த்தார், தமிழ் மொழிபெயர்ப்பையும் வரிக்கு வரி படித்தார். "கம்பெனி கட்டாயத்தின் பேரில் பொய்யாக எழுதிக் கொடுத்தேன்" என்ற இடத்தில் விரல் நின்றுவிட்டது.

"மாசக் கடைசியில கேட் பாஸ் ரினீவல் வருதுப்பா," என்றார்.

இது அமெரிக்காவுக்குப் போகிற பேப்பர், இங்கே யார் பார்க்கப் போகிறார்கள் என்றேன். கம்பெனி பேரைக்கூட எடுத்துவிடலாம் என்றேன். அவர் தலையை ஆட்டினார். எனக்குப் பொறுமை போய்விட்டது. உங்கள் பையன் உள்ளே இருந்தால் இப்படித்தான் ரினீவல் பார்ப்பீர்களா என்று கேட்டுவிட்டேன். அப்பா என் கையைப் பிடித்தார்.

செல்வராஜ் கோபப்படவில்லை. "எம் பையனா இருந்தாலும் எழுதிக் குடுத்துட்டு வெளிய வாடான்னுதான் சொல்லுவேன்," என்றார். "உங்கப்பா மட்டும் வேற மாதிரியா சொல்லியிருப்பாரு? கேட்டுப் பாரு."

அப்பாவை நான் கேட்கவில்லை. டீக்குக் காசு செல்வராஜ்தான் கொடுத்தார்.

வீட்டுக்கு வரும் வழியில் அப்பா தானே கையெழுத்துப் போடுவதாகச் சொன்னார். உறவுக்காரர் கையெழுத்து செல்லாது என்று பத்தாவது தடவையாக விளக்கினேன். "பெத்தவன் சொன்னா செல்லாது, என்னாடா கோர்ட்டு அது," என்றார். இங்கேயும் அப்படித்தான் அப்பா என்றேன். ரோட்டின் கடைசியில், சுரங்கத்தில் தோண்டிக் கொட்டின மண் மலை சிவப்பாகத் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிப் பூசை முடிந்து வெளியே வந்தால், மாதா கோயில் வாசலில் கலியபெருமாள் மாமா சைக்கிளோடு நிற்கிறார். அவர் கோயிலுக்கு வருகிற ஆள் இல்லை. வெள்ளை வேட்டி, இஸ்திரி போட்ட சட்டை.

"நேத்து அவனுங்க எதிர்க்க ஒண்ணும் சொல்லல. ஒருத்தன் சரின்னா இன்னொருத்தன் மூஞ்ச எங்க வெச்சிப்பான்? வா, எங்க போவணும்?"

"மாமா, உங்களுக்கும் ரினீவல் இருக்கில்ல?"

"இருக்குது. அந்தப் புள்ள எனக்கு பதினாலு பதினைஞ்சு லெட்டர் எழுதிக் குடுத்திருக்கான். நான் ஒண்ணு எழுதித் தரக்கூடாதா?"

பண்ருட்டிக்கு இருபது கிலோமீட்டர், பஸ் ஆறு ரூபாய். பலாப்பழ சீசன் முடியும் நேரம். மண்டி வாசல்களில் மிச்சம் கிடந்த பழங்கள் வெடித்து, தெரு முழுக்க வாடை. ஞாயிற்றுக்கிழமை நோட்டரி கிடைப்பது கஷ்டம், முன்னாடியே போன் செய்து வைத்துக்கொள்ளுங்கள். நான் சனிக்கிழமையே பேசியிருந்தேன். ஒரு வக்கீல், வீட்டிலேயே ஆபீஸ். வழக்கமான கட்டணத்துக்கு மேல் ஞாயிற்றுக்கிழமைக்கு என்று ஐம்பது ரூபாய் சேர்த்துக் கேட்டார். கொடுத்தேன்.

அவர் பத்திரத்தைப் படித்துவிட்டு மாமாவை நிமிர்ந்து பார்த்தார். மாமாவை உட்காரச் சொல்லியிருந்தார், மாமா உட்காராமல் நின்றுகொண்டிருந்தார்.

"அன்னிக்கு லெட்டர் எழுதச் சொல்லி அடிச்சாங்களா?"

"இல்லீங்க."

"மிரட்டினாங்களா?"

"அதெல்லாம் இல்லீங்க. சூப்பர்வைசரு டீ வாங்கிக் குடுத்தாரு."

"அப்புறம் கட்டாயத்தின் பேர்லன்னு எப்படிய்யா போடறது?"

மாமா என்னைப் பார்த்தார். ஒன்பதாயிரம் மைல் தள்ளி ஒரு நீதிபதி இதையேதான் கேட்டு, இதே பதிலை வாங்கி, மனுவைத் தள்ளினார்.

"எழுதலைன்னா மறுநாளு உள்ள வுட மாட்டாங்க," என்றார் மாமா. "வூட்டுல அஞ்சு பேரு. வேற எப்படிங்க சொல்றது அதை?"

நோட்டரி பேனாவைத் திறந்தார். பிறகு ஒன்று சொன்னார், அதை நான் அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "நான் அட்டெஸ்ட் பண்ணிடறேன். ஆனா எதிர்த்தரப்பு வக்கீலா நான் இருந்தா ஒரே கேள்விதான். அன்னிக்குப் பொய்யை எழுதிக் கையெழுத்துப் போட்டவரு, இன்னிக்குப் போட்டது மட்டும் நிஜம்னு எப்படி நம்பறது?"

மாமா கையெழுத்துப் போட்டார். முத்திரை விழுந்தது. மூன்றில் ஒன்று. திரும்பும்போது மாமா வீட்டுக்கு ஒரு சின்னப் பலா வாங்கினார், எனக்குப் பஸ் டிக்கெட்டும் அவரே எடுத்தார்.

திங்கட்கிழமை காலை டவுன்ஷிப்பில் ஒரு பிரௌசிங் சென்டரில் ஸ்கேன் செய்தேன். பக்கத்துக்கு இருபது ரூபாய், நெட் மணிக்கு முப்பது. 11:20-க்கு அனுப்பினேன். மீதி இரண்டு தாளையும் கையெழுத்து இல்லாமலே மடித்துப் பையில் வைத்தேன். அம்பத்தூருக்குப் போன் செய்து லீவை நீட்டித்தேன். சாயங்காலம் ஆறரைக்கு அம்மா மெழுகுவர்த்தி ஏற்றினாள். அப்பா ரேடியோவைப் போட்டுவிட்டு உடனே நிறுத்தினார். பதில் வரவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை ஆறே முக்காலுக்குப் போன் அடித்தது. ஜெயிலிலிருந்து நேராக இந்தியாவுக்குப் பேச முடியாது. அண்ணனின் நண்பன் ஒருவன் நடுவில் இருந்து இணைத்துக் கொடுப்பான். ரிசீவரை அப்பாவுக்கும் எனக்கும் நடுவில் வைத்துக்கொண்டோம்.

பத்திரம் போய்ச் சேர்ந்திருக்கிறது. வக்கீல் கோர்ட் வராந்தாவில் அரசு வக்கீலிடம் காட்டியிருக்கிறார். அவர் நின்றுகொண்டே படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டாராம். பொய்யை எழுதிக் கொடுத்தேன் என்று தானே சத்தியம் செய்கிற ஆளை நான் எப்படி நம்புவது என்று கேட்டாராம். பண்ருட்டி நோட்டரி சொன்ன வார்த்தை அப்படியே. இரண்டு பேரும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள் போல.

அண்ணன் ஒப்புக்கொண்டுவிட்டான்.

"ஜட்ஜ் ஒவ்வொண்ணா கேட்டாருடா," என்றான். குரல் சாதாரணமாக இருந்தது, அதுதான் தாங்கவில்லை. "உனக்கு ஜூரி உரிமை இருக்கு, தெரியுமா? தெரியும். அதை விட்டுக்கொடுக்கிறியா? ஆமா. யாராவது கட்டாயப்படுத்தினாங்களா? இல்ல. நீ குத்தம் செஞ்சதாலதான் ஒத்துக்கிறியா? ஆமா. எல்லாத்துக்கும் சரியா பதில் சொன்னேன். வக்கீல் முதல் நாளே சொல்லிக் குடுத்திருந்தாரு, ஒண்ணு மாத்திச் சொன்னாலும் ஏத்துக்க மாட்டாங்களாம்."

"அப்புறம்?"

"கடைசியா ஏதாவது சொல்லணுமான்னு கேட்டாரு. அந்த அம்மா வந்திருந்தாங்க, கைத்தடியோட. அவங்களப் பாத்து சாரி சொன்னேன். இனி இதுபோல் நடக்காதுன்னும் சொல்லிட்டேன்டா. வாயில வந்துடுச்சு."

அப்பா ரிசீவரை என்னிடம் விட்டுவிட்டு எழுந்து போனார். கிணற்றடியில் முகம் கழுவும் சத்தம் கேட்டது, நிற்காமல் ரொம்ப நேரம் கேட்டது. நான் அண்ணனிடம் என்ன பேசினேன் என்று நினைவில்லை. அவனோடு தங்கியிருந்த மூன்று பேரில் யார் வண்டியை எடுத்தது என்று கேட்டேன் என்று நினைக்கிறேன். இனிமே யாரு கேப்பாங்க, கேஸ்தான் முடிஞ்சிடுச்சே என்றான். அது உண்மை. அந்த அம்மாவும் இடித்தவன் மன்னிப்புக் கேட்டுவிட்டான் என்று நம்பிக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பார். இடித்தவன் ஆணியிலிருந்து வேறு யாருடைய சாவியையாவது எடுத்துக்கொண்டிருப்பான்.

என் தொழிலில் பழுதான கேஜைக் கண்டுபிடிப்பது சுலபம். முள் தப்பாகக் காட்டும். இங்கே ஒவ்வொரு முள்ளும் சரியாகக் காட்டியது. உரிமை படித்தது சரி. வக்கீல் கொடுத்தது சரி. நீதிபதி கேட்ட கேள்வி ஒவ்வொன்றும் சரி. யாரும் லஞ்சம் வாங்கவில்லை, யாரும் கையை ஓங்கவில்லை. எங்கே போய் ஸ்டிக்கர் ஒட்டி நிராகரிப்பது? வடக்குத்தில் அநியாயத்தை யாரும் நியாயம் என்று சொல்லிக்கொள்வதில்லை, டீ வாங்கிக் கொடுத்து எழுதி வாங்குகிறார்கள், எல்லோருக்கும் தெரியும். அங்கே அதே காரியத்தை அரசியல் சட்டத்தை ஒவ்வொரு வரியாகப் படித்துக் காட்டிச் செய்கிறார்கள். இரண்டில் எது மோசம் என்று இரண்டு நாளாக யோசிக்கிறேன். தெரியவில்லை.

நெய்வேலிப் பக்கம் பத்திர வேலையாகப் போகிறவர்களுக்கு: முத்திரைத்தாளைச் சென்னையிலேயே வாங்கிவிடுங்கள். நோட்டரிக்குப் பண்ருட்டி. ஸ்கேன் டவுன்ஷிப்பில் செய்யலாம், மதியம் கரண்ட் போகும், காலையிலேயே முடியுங்கள். முக்கியமாக, கையெழுத்து வேண்டும் என்றால் ஆட்களைத் தனித்தனியாகப் பாருங்கள். டீக்கடையில் கூட்டாதீர்கள்.

அமெரிக்கா போகிறவர்களுக்கு: கார் சாவியை ஆணியில் மாட்டாதீர்கள். போலீஸ் அந்தப் பட்டியலைப் படிக்கும்போது அது மரியாதைக்குச் சொல்வது இல்லை. அதற்குப் பிறகு உங்கள் வாயிலிருந்து வர வேண்டியது ஒரே வாக்கியம், வக்கீல் வேண்டும். பெயரைத் தவிர வேறு எதையும் எழுதாதீர்கள். யார் எவ்வளவு அழுதாலும் வருத்தம் தெரிவிக்காதீர்கள். மனிதனாக நடந்துகொள்ளாதீர்கள் என்று சொல்வது போல இருக்கிறது, தெரியும். வேறு எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

புதன்கிழமை சாயங்காலம், இதை எழுதிக்கொண்டிருக்கும்போது கலியபெருமாள் மாமா வந்தார். சைக்கிளை நிறுத்திவிட்டு உள்ளே வராமல் வாசலிலேயே நின்றார். பத்திர விஷயம் கம்பெனிக்குப் போய்விட்டது. யார் சொன்னது என்று கேட்க வேண்டிய அவசியம் இல்லை, டீக்கடையில் பத்துப் பேர் இருந்தார்கள். இன்று காலை அவருடைய கேட் பாஸை வாங்கி வைத்துக்கொண்டார்களாம். சூப்பர்வைசர் நல்லபடியாகத்தான் பேசினாராம், டீயும் வாங்கிக் கொடுத்தாராம்.

"தாமசு இல்ல, நீதான் எழுதித் தரணும்," என்றார். "பத்திரத்துல சொன்னது தப்புன்னு ரெண்டு வரி. நாளைக்கு எட்டு மணிக்குள்ள குடுக்கச் சொல்லியிருக்காரு."

என்ன பதில் சொன்னேன் என்று எழுத வேண்டாம். இனி செய்ய வேண்டியவை:

1. அண்ணனை எந்த விமானத்தில் அனுப்புகிறார்கள் என்று வக்கீலுக்கு எழுதிக் கேட்பது. முன்கூட்டியே சொல்ல மாட்டார்கள் என்றார், இருந்தாலும் கேட்பது.

2. அம்மாவிடம், அவன் வந்து இறங்கியதும் ஏன்டா ஒத்துக்கிட்டே என்று கேட்க வேண்டாம் என்று சொல்வது. அப்பாவிடம் சொல்ல வேண்டியதில்லை.

3. செல்வராஜ் வீட்டுக்குப் போவது. டீக்கடையில் கேட்ட கேள்வியை அவரிடம் கேட்டிருக்கக் கூடாது.

4. மீதி இரண்டு முத்திரைத்தாளைக் கிழித்துப் போடுவது.

5. இன்றைக்குள் மாமாவுக்குக் கடிதம் எழுதித் தருவது. மூன்றாவது வரி இல்லாமல் எழுதலாமா என்று கேட்டேன். இல்லாவிட்டால் வாங்க மாட்டார்களாம். அதையும் சேர்த்தே எழுதுவது.